பெண் ஆய்வாளரை நாயகியாக வைத்துக் காவல் விசாரணை நாவல் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

துப்பறியும் கதைக்கும் காவல் விசாரணை நாவலுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். துப்பறியும் கதையில் ஓர் அறிவாளி வருவார், பார்ப்பார், கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து உண்மையை உடைப்பார். காவல் விசாரணை நாவலில் ஓர் அரசு ஊழியர் வேலை பார்க்கிறார். அவருக்கு மேலே அதிகாரிகள் இருக்கிறார்கள், கீழே ஆள் பற்றாக்குறை இருக்கிறது, பக்கத்தில் முடிக்கப்படாத இருபது கோப்புகள் கிடக்கின்றன. கொலை செய்தது யார் என்பது மூன்றாம் நாளே அவருக்குத் தெரிந்துபோகலாம். தெரிந்ததை நீதிமன்றத்தில் நிற்கும்படி காகிதத்தில் கொண்டுவர முடியுமா என்பதில்தான் மீதி முந்நூறு பக்கமும் ஓடுகின்றன. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், நடைமுறை விவரங்கள் கதைக்கு இடைஞ்சல் என்ற எண்ணம் போய்விடும். நடைமுறையே கதையின் முதுகெலும்பு.

விளக்குவதற்கு வசதியாக ஒரு கற்பனை வழக்கை வழிநெடுக வைத்துக்கொள்கிறேன். காவிரிக் கரையோரத்து ஊர் ஒன்றில், திருமணமாகி நான்கு ஆண்டுகளான 26 வயதுப் பெண் ஒருத்தி, வயல் கிணற்றில் பிணமாகக் கிடக்கிறாள். அதிகாலையில் மோட்டார் போடப் போனவள் கால் தவறி விழுந்துவிட்டாள் என்று கணவன் வீட்டார் சொல்கிறார்கள். அந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தின் சட்டம் ஒழுங்கு ஆய்வாளர் ஒரு பெண்.

படி 1: நாளைக் குறியுங்கள், பிறகு பேனாவை எடுங்கள்

கதை நடக்கும் தேதியை முதலில் முடிவுசெய்யுங்கள். 2024 ஜூலை 1ஆம் தேதி முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் நடைமுறைக்கு வந்தன. தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான, கொலைக்கான 302 இப்போது 103. சந்தேக மரணத்துக்குப் போடப்பட்ட 174 இப்போது 194. தடயத்தை மறைத்ததற்கான 201 இப்போது 238. 2025இல் நடக்கும் கதையில் ஆய்வாளர் '302 போடு' என்று எழுத்தில் உத்தரவிட்டால், விவரம் தெரிந்த வாசகர் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவார்.

ஆனால் பேச்சு வேறு. முப்பது ஆண்டுகள் சர்வீஸ் போட்ட சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் கிணற்றடியில் நின்று, "அம்மா, இப்போதைக்கு 174 போட்டுடலாமா?" என்றுதான் கேட்பார். கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "194" என்று திருத்துவார். ஒரே வரியில் அவருடைய வயதும் அனுபவமும் கதையின் காலமும் தெரிந்துவிடுகின்றன. சட்டம் மாறிய அந்த நள்ளிரவையே கதைக்களமாக எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. இறப்பு நேர்ந்தது 30ஆம் தேதி இரவு பதினொன்றரைக்கா, 1ஆம் தேதி அதிகாலைக்கா என்பதைப் பொறுத்து எந்தச் சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டுவது என்பதே மாறும். இறந்த நேரத்தை நிமிடக் கணக்கில் எந்த மருத்துவரும் சொல்லமாட்டார் என்பதால், அந்த ஒரு முடிச்சே நாவல் முழுவதற்கும் தாங்கும்.

படி 2: நாயகிக்குப் பணிப்பதிவேடு எழுதுங்கள்

பெண் ஆய்வாளர் என்றதும் நெருப்பைக் கக்கும் கண்கள், சந்தில் நான்கு ரௌடிகளைப் புரட்டியெடுக்கும் சண்டை, இரவில் தனியே அழும் காட்சி என்று மூன்று அச்சுகள் கைவசம் வந்து நிற்கும். மூன்றையும் ஒதுக்கிவிட்டு, அவருடைய பணிப்பதிவேட்டை இரண்டு பக்கம் எழுதுங்கள். எந்த ஆண்டு பிறந்தார், எப்படிப் பணிக்கு வந்தார், எங்கெங்கே மாற்றலானார், எதற்காகக் குறிப்பாணை (மெமோ) வாங்கினார் என்பவை அதில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் காவல் துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1973இல். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் திறக்கப்பட்டது. 1976இல் இந்தியக் காவல் பணிக்கு வந்த லத்திகா சரண் 2010இல் மாநிலத்தின் முதல் பெண் காவல் துறைத் தலைமை இயக்குநரானார். அவருடைய சமகால அதிகாரியான ஜி. திலகவதி, 2005இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளரும்கூட. காக்கியும் எழுத்தும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்கு நாம் வேறெங்கும் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. இந்த ஆண்டுகளை நாயகியின் வயதோடு பொருத்திப் பாருங்கள். 1984இல் பிறந்த பெண் என்றால், மகளிர் காவல் நிலையங்கள் ஊருக்கு ஊர் திறக்கப்பட்ட காலத்தில் அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். காக்கிச்சட்டைப் பெண்ணை முதன்முதலாகப் பார்த்த நாள் அவருக்கு நினைவிருக்கும்; அவருடைய அம்மாவின் சிறுவயதில் அப்படி ஒரு நினைவு இருக்க வாய்ப்பு குறைவு.

நேரடி உதவி ஆய்வாளராகச் சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதித் தேறி, வண்டலூருக்கு அருகில் ஊனமாஞ்சேரியில் உள்ள காவல் உயர் பயிற்சியகத்தில் பயிற்சி முடித்தவராக வைத்தால், ஆய்வாளராகும்போது முப்பதுகளின் பிற்பகுதியைத் தொட்டிருப்பார். தோளில் மூன்று நட்சத்திரமும் சிவப்பு நீலப் பட்டையும் இருக்கும். பட்டை இல்லாமல் மூன்று நட்சத்திரம் மட்டும் இருந்தால் அவர் துணைக் கண்காணிப்பாளர். சினிமாவில் இதைத் தவறவிடுவது போல நாவலில் தவறவிடக் கூடாது.

அவரை எந்த நிலையத்தில் உட்காரவைப்பது என்பது நாவலின் போக்கையே தீர்மானிக்கும். மகளிர் நிலையம் என்றால் வரதட்சணை, குடும்பத் தகராறு, போக்சோ வழக்குகள் என்று உலகம் ஒரு வகையாக அமையும். சட்டம் ஒழுங்கு நிலையம் என்றால் கோயில் திருவிழா பந்தோபஸ்தும் மணல் லாரியும் சாதித் தகராறும் கொலையோடு சேர்ந்து ஒரே மேசைக்கு வரும். நம் வழக்கில் அவரைச் சட்டம் ஒழுங்கில் வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய பணியிடம் பக்கத்து நகரின் மகளிர் நிலையம். எட்டு மாதங்களுக்கு முன், கிணற்றில் கிடக்கும் இதே பெண் அந்த நிலையத்தில் கணவன்மேல் மனு கொடுத்திருக்கிறாள். மனு ரசீது போடப்பட்டது, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார்கள், 'இனி ஒற்றுமையாக வாழ்கிறோம், மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதி வாங்கி அனுப்பிவைத்தார்கள். அந்தத் தாளின் கீழே இருப்பது நம் நாயகியின் கையெழுத்து.

இதைவிடப் பெரிய மனக்காயம் எதுவும் அவருக்குத் தேவையில்லை. இறந்த கணவர், துரோகம் செய்த காதலன் எல்லாம் எதற்கு? அலுவல் ரீதியாக அவர் செய்தது அனைத்தும் சரி. அன்று மாலை மேசையில் இன்னும் ஆறு மனுக்கள் இருந்தன என்பதும் உண்மை. இந்தக் கையெழுத்து அவரை உந்தித்தள்ளும். அதே கையெழுத்து, விசாரணை அதிகாரி ஒரு சார்புடையவர் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்ள வசதியாகவும் இருக்கும்.

படி 3: அத்தியாயங்களுக்கு முன் கோப்பைக் கட்டுங்கள்

கதைச் சுருக்கம் எழுதுவதற்குப் பதிலாக வழக்குக் கோப்பு ஒன்றைத் தயாரியுங்கள். புகார் மனு, முதல் தகவல் அறிக்கை, பார்வை மகசர் (சம்பவ இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் ஆவணம்), மாதிரி வரைபடம், பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ், சாட்சிகளின் வாக்குமூலங்கள், கைப்பற்றுதல் மகசர், பிரிவு மாற்ற அறிக்கை, கைது குறிப்பு, ரிமாண்ட் அறிக்கை, தடய அறிவியல் அறிக்கை, இறுதி அறிக்கை. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், எழுதியவர், கையெழுத்திட்ட சாட்சி, நீதிமன்றம் போய்ச் சேர்ந்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சொன்ன அந்த நேரம் மிக முக்கியமானது. கொலை வழக்கின் முதல் தகவல் அறிக்கை உடனடியாக நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) போய்ச் சேர வேண்டும். ஒரு காவலர் அதை இரவோடு இரவாக நடுவரின் வீட்டுக்கே கொண்டுபோவார். காலை 8 மணிக்குப் பதிவானதாகச் சொல்லப்படும் அறிக்கை இரவு 11 மணிக்கு நடுவரின் கைக்குப் போயிருந்தால், இடைப்பட்ட பதினைந்து மணி நேரத்தில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று உட்கார்ந்து பேசி எழுதினார்கள் என்று வழக்கறிஞர் வாதாடுவார். அந்தக் காவலரின் பைக் பஞ்சரானது ஒரு வரியில் வந்துபோகும் சின்ன விஷயமாக நாற்பதாம் பக்கத்தில் இருக்கட்டும்; முந்நூறாம் பக்கத்தில் அது வழக்கையே சாய்க்கட்டும்.

கோப்புக்குள் இரண்டு குரல்கள் இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். மகசரும் வாக்குமூலமும் பிற்பாடு எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, நகலாகக் கிடைக்கும். ஆனால் விசாரணை அதிகாரி அன்றாடம் எழுதும் வழக்கு நாட்குறிப்பை எதிரி கேட்டுப் பெற முடியாது; நீதிமன்றம் மட்டுமே பார்க்கலாம். நாயகியின் உள்மனதை வாசகருக்குக் காட்ட, கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே பேசவைப்பதைவிட இந்த நாட்குறிப்பு மேலானது. அவர் அதில் எதை எழுதினார் என்பதோடு, எதை எழுதாமல் விட்டார் என்பதையும் காட்டலாம்.

படி 4: சம்பவ இடத்தில் நிதானமாக நில்லுங்கள்

நான் படித்த பல கையெழுத்துப் பிரதிகளில் சம்பவ இடக் காட்சி ஒன்றரைப் பக்கத்தில் முடிந்து, அடுத்த வரியில் 'போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பினார்கள்' என்று வந்துவிடுகிறது. நாவலின் மிக வளமான நிலம் இதுதான்; இங்கே முப்பது பக்கம் செலவிட்டாலும் தகும்.

கிணற்றிலிருந்து உடலை எடுப்பவர்கள் தீயணைப்பு மீட்புப் பணித் துறையினர். கயிற்றில் இறங்கி, வலையிலோ கட்டிலிலோ கட்டி மேலே தூக்குவார்கள். ஊரே கூடி நிற்கும். கைப்பேசியில் படமெடுப்பவர்களை விரட்டுவதற்கே இரண்டு காவலர்கள் வேண்டும். உடல் மேலே வந்ததும் ஆண் காவலர்கள் ஓரடி பின்னால் நகர்வார்கள். யாரோ ஒரு கிழவி தன் சேலையை மறைப்பாகப் பிடிப்பாள். பெண் ஆய்வாளர் குனிந்து அருகில் பார்ப்பதில் யாருக்கும் தயக்கமில்லை. பெண் என்பதால் கிடைக்கும் அனுகூலத்தை இப்படிப்பட்ட இடங்களில்தான் தேட வேண்டும்.

அவர் என்ன பார்க்கிறார்? இறந்தவள் நைட்டி அணிந்திருக்கிறாள். தாலி கழுத்தில் இருக்கிறது, மெட்டி இருக்கிறது, வலக்கையில் கண்ணாடி வளையல் இரண்டு குறைகிறது. நைட்டியோடு வெளியே வரும் ஊர்ப்பெண் தோளில் துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளாமல் வாசற்படி தாண்டமாட்டாள். பால் வாங்கவே துண்டோடு போகிறவள், இருநூறு மீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றுக்கு நான்கு வீடுகளைத் தாண்டித் துண்டு இல்லாமல் போவாளா? கிணற்றில் துண்டு மிதக்கவில்லை. பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. ஆய்வாளர் ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு நடக்கிறார். அறைக் கதவின் பின்புற ஆணியில் துண்டு தொங்குகிறது, காய்ந்து, மடிப்புக் கலையாமல்.

இது சாட்சியமாகாது. நீதிமன்றத்தில் துண்டைக் காட்டித் தண்டனை வாங்க முடியாது. ஆனால் எந்தத் திசையில் தேடுவது என்று அது சொல்லிவிட்டது. வெளியே நின்ற தலைமைக் காவலரிடம் அவர் சொல்வது, "ரூமைப் பூட்டி சீல் வைங்க. யாரும் துணி எடுக்கக்கூட உள்ள போகக் கூடாது" என்பது மட்டுமாக இருக்கட்டும். ஏன் என்று அவர் விளக்க வேண்டியதில்லை. பெண் வாசகர்களில் பாதிப் பேர் அதற்குள் புரிந்துகொண்டிருப்பார்கள்.

இனி நடைமுறை. திருமணமான 7 ஆண்டுகளுக்குள் பெண் இறந்திருப்பதால் பிரேத விசாரணையைக் காவல் துறையே நடத்தி முடித்துவிட முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும். அவர் வரும்வரை உடல் அரசு மருத்துவமனைப் பிணவறையில் காத்திருக்கும், பெற்றோர் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், கைது செய்தால்தான் உடலை வாங்குவோம் என்று உறவினர்கள் சாலையில் உட்காருவார்கள். அந்தச் சாலை மறியலைக் கலைக்கும் பொறுப்பும் இதே ஆய்வாளருடையதுதான். விசாரணை அதிகாரியாக அவர்களுடைய கோபம் நியாயம் என்று நினைக்கும் அதே பெண், சட்டம் ஒழுங்கு அதிகாரியாக அவர்களை எழுப்பிவிட வேண்டியிருக்கிறது. இந்த இரட்டை வேலையைச் செலவில்லாமல் நமக்குக் கொடுப்பது நடைமுறைதான்.

இன்னொரு திருப்பமும் சட்டத்திலேயே இருக்கிறது. இறந்தவள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவளாகவும் கணவன் வீட்டார் அப்படி இல்லாதவர்களாகவும் இருந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் சேர்க்கப்பட்டால், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும். நாவலின் நட்டநடுவில் வழக்கு நாயகியின் கையைவிட்டுப் போகும். அதுவும் சதியால் அல்ல, விதியால். அதன்பின் உதவும் நிலையில் மட்டும் இருந்துகொண்டு அவர் எப்படி வேலை செய்கிறார் என்பது வழக்கமான 'சஸ்பென்ட் செய்யப்பட்ட போலீஸ்' காட்சியைவிடப் புதிது.

படி 5: அறிவியலைத் தாமதமாக வரவிடுங்கள்

ஆய்வகம் மறுநாளே பதில் சொல்வது தொலைக்காட்சித் தொடர்களில். நம் நாவலில் உள்ளுறுப்புகள் உப்புக் கரைசலில் வைக்கப்பட்டு, முத்திரையிடப்பட்டு, நடுவரின் கடிதத்தோடு ஒரு காவலரின் மடியில் பேருந்தில் பயணம் செய்யட்டும். அறிக்கை வர வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம்.

நீரில் மூழ்கி இறந்ததற்கும் இறந்தபின் நீரில் போடப்பட்டதற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். உயிரோடு விழுந்தவரின் மூக்கிலும் வாயிலும் நுண்ணிய வெண்ணுரை வரலாம். பாசியையோ சேற்றையோ கை இறுகப் பற்றியிருக்கலாம். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தால், கயிற்றுத் தடம் பெரும்பாலும் கிடைமட்டமாகக் கழுத்தைச் சுற்றி ஓடும். தூக்கில் தொங்கியதென்றால் தடம் சாய்வாக மேல்நோக்கிப் போகும். நாவடி எலும்பு முறிந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். நுண்பாசிகள் எலும்பு மஜ்ஜைவரை போயிருக்கின்றனவா என்ற சோதனையும் உண்டு. ஆனால் அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க அதே கிணற்றின் தண்ணீர் மாதிரி வேண்டும். முதல் நாள் கூட்ட நெரிசலில் அந்த ஒரு பாட்டில் தண்ணீரை எடுக்க மறந்துவிட்டார்கள் என்று வையுங்கள். மூன்றாம் நாள் வந்து பார்த்தால், 'பிணம் கிடந்த தண்ணீர்' என்று ஊரார் மோட்டார் போட்டுக் கிணற்றை முழுதாக இறைத்து முடித்திருக்கிறார்கள். வில்லன் யாரும் செய்யாத சதி இது. ஊர் வழக்கமே தடயத்தை அழித்துவிட்டது.

இறந்த உடலின் விறைப்பைக் கொண்டு இறந்த நேரம் கணிப்பதில் ஓர் எச்சரிக்கை. நம் வெப்பத்தில் விறைப்பு சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் விலகும். குளிர்ந்த கிணற்றுநீர் அதைத் தாமதப்படுத்தும். குளிர்நாட்டுக் கதைகளின் மணிக்கணக்கை அப்படியே எடுத்து வைக்காதீர்கள். மருத்துவர் 'பரிசோதனைக்கு 18 முதல் 24 மணி நேரம் முன்' என்று ஒரு பரப்பைத்தான் தருவார். அந்த ஆறு மணி நேர இடைவெளிக்குள்தான் கணவனின் 'நான் ஊரிலேயே இல்லை' என்ற வாதம் ஒளிந்திருக்கும்.

படி 6: கைப்பேசியும் கேமராவும்

இதில் அதிகம் தங்க வேண்டாம். அழைப்பு விவரங்கள் கைப்பேசி எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருந்தது என்று சொல்லும். யார் கையில் இருந்தது என்று சொல்லாது. கடைகளின் கேமராப் பதிவுகள் சேமிப்பிடம் தீர்ந்ததும் பழையதன்மேல் புதியதை எழுதிவிடும் என்பதால், அதைத் தேடிப் போகும் காவலரின் சோம்பலும் சுறுசுறுப்பும் கதையை நகர்த்தும். மின்னணுப் பதிவுக்குச் சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். புதிய சட்டப்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒளிஒலிப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், மகசர் எழுதும் காட்சியில் ஒரு காவலர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பத்து சதவீதம் சார்ஜ் மட்டும் மிச்சமிருக்கும் அந்தக் கைப்பேசியை உங்கள் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 7: விசாரணைக் காட்சிகளை அடுப்படிக்குக் கொண்டுபோங்கள்

இருட்டறை, ஒற்றை பல்பு, மேசையில் அடிக்கும் லத்தி. இவற்றை விட்டுவிடுங்கள். சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணை அவள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது சட்டம். 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்களுக்கும் அப்படியே. ஆகவே நம் நாவலின் முக்கியமான உரையாடல்கள் திண்ணையிலும் அடுப்படியிலும் மாட்டுக் கொட்டகையிலும் நடக்கும். நாத்தனார் அரிசி களைந்துகொண்டே பதில் சொல்வாள். எந்தக் கேள்விக்குக் கை நின்றது என்பதை ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சம்பவத்தன்னிக்கு ராத்திரி சாப்பாடு என்னம்மா?"

"தோசைதாங்க."

"எத்தனை பேருக்குச் சுட்டீங்க?"

கை நிற்கும் இடம் அதுதான்.

அந்த வாக்குமூலத்தில் அவளிடம் கையெழுத்து வாங்குவது போல எழுதிவிடாதீர்கள். காவல் அதிகாரியிடம் சாட்சி சொல்வதில் கையெழுத்து வாங்கக் கூடாது. அதனால்தான் நீதிமன்றத்தில் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று சாட்சிகள் எளிதாகப் பிறழ்கிறார்கள். பிறழ்ந்துவிடுவாள் என்று பயந்தால் நடுவரிடம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவின்கீழ் வாக்குமூலம் பதிவுசெய்ய ஆய்வாளர் மனுப் போடலாம். அதற்கு அவள் சம்மதிப்பாளா, அன்று காலை வீட்டைவிட்டு வெளியே வருவாளா என்பது ஓர் அத்தியாயம்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் காட்சியிலும் கவனம் வேண்டும். காவல் துறையினரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் எதிரிக்கு எதிராகச் செல்லாது. அதைச் சொன்னதன் விளைவாகப் புதிதாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். கணவன் அழுது தீர்த்து முழுக்கதையையும் சொல்லலாம். நீதிமன்றத்துக்குப் போவது 'வளையல் துண்டுகளை வைக்கோல் போருக்குள் வைத்திருக்கிறேன், அழைத்துப்போனால் எடுத்துக் காட்டுகிறேன்' என்ற ஒரு வாக்கியம் மட்டுமே. அவன் எடுத்துக் கொடுக்கும்போது சாட்சியாக நிற்பவர் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலர். அவருக்கும் பயிர் அடங்கல் வேலை கிடக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் சாட்சி சொல்ல வருவதற்குள் வேறு வட்டத்துக்கு மாற்றலாகியிருப்பார்.

படி 8: கடிகாரத்தை நீங்கள் உருவாக்க வேண்டாம்

பரபரப்புக்காக வெடிகுண்டு வைக்கத் தேவையில்லை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும். கொலை வழக்கில் 90 நாளுக்குள் இறுதி அறிக்கை தாக்கலாகவில்லை என்றால் எதிரிக்குப் பிணை கேட்கும் உரிமை வந்துவிடும். பெண்ணைச் சூரிய அஸ்தமனத்துக்குப் பின், உதயத்துக்கு முன் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் நடுவரின் முன் அனுமதி வேண்டும், கைது செய்பவர் பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். மாமியாரும் உடந்தை என்பது மாலை ஏழு மணிக்கு உறுதியாகிறது என்று வையுங்கள். ஓர் இரவு முழுவதும் அந்த வீட்டு வாசலில் ஜீப்பில் இரண்டு பெண் காவலர்களோடு ஆய்வாளர் காத்திருக்கிறார். கழிப்பறைக்கு எங்கே போவது என்பதும் அந்த இரவின் பிரச்சினைகளில் ஒன்று. முதலமைச்சர் செல்லும் சாலைகளில் பெண் காவலர்களைப் பாதுகாப்புக்கு நிறுத்துவதைத் தவிர்க்கும்படி தமிழ்நாட்டில் உத்தரவு வந்ததே 2021இல்தான் என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்று எண்ணிப்பாருங்கள். உள்ளே விளக்கு எரிகிறது. விடிந்தபின் கதவு திறக்குமா, பின்வாசல் வழியாக ஒரு முடிவு நடந்திருக்குமா என்பதே போதுமான பதற்றம்.

படி 9: மூன்று தமிழ்களைப் பிரித்து எழுதுங்கள்

நாவலின் கதைசொல்லல் ஒரு தமிழ். நிலையத்தின் பேச்சு இன்னொன்று: ரைட்டர் (நிலைய எழுத்தர்), பாரா (காவல் முறை), ரோல் கால், தபால், பந்தோபஸ்து, சி.டி. ஃபைல் (வழக்கு நாட்குறிப்புக் கோப்பு). பெண் ஆய்வாளரை நிலையத்தில் 'அம்மா' என்பார்கள், இளையவர்கள் 'மேடம்' என்பார்கள். அவர் தன் மேலதிகாரியை 'ஐயா' அல்லது 'சார்' என்பார். அவர் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்பதையும் ஓரிரு இடத்தில் காட்டலாம். மூன்றாவது, காகிதத் தமிழ்: 'நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன்', 'இறந்துபோன மேற்படியாள்', 'முதல் எதிரி', 'சம்பவ இடம்', 'தக்க நடவடிக்கை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்'. அடுப்படியில் நாத்தனார் தயங்கித் தயங்கிச் சொன்ன பேச்சு, ரைட்டரின் கையில் 'இரவு சுமார் 9.30 மணியளவில்' என்று மாறும்போது எது காணாமல்போனது என்பதை வாசகர் தாமே காணும்படி, இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் வையுங்கள். இதைப் போலத் தமிழில் மட்டுமே செய்யக்கூடிய உத்தி வேறில்லை என்பது என் எண்ணம்.

படி 10: தகவல் திரட்டுதல்

மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் கொலை வழக்கு விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கிறது. ஒரு வாரம் பின்வரிசையில் போய் உட்காருங்கள். விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யும் நாளைத் தவறவிடாதீர்கள். உயர் நீதிமன்றத்தின் குற்ற மேல்முறையீட்டுத் தீர்ப்புகளைப் படியுங்கள். விசாரணையில் எது எங்கே கோணலானது என்று அவற்றில் பத்தி பத்தியாக இருக்கும். முதல் தகவல் அறிக்கைகளில் உணர்வுசார் வழக்குகள் நீங்கலாக மற்றவை காவல் துறையின் இணையதளத்தில் கிடைக்கின்றன. ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவரோடு நான்கு முறை தேநீர் குடியுங்கள். ஆய்வாளர்கள் வழக்கை விவரிப்பார்கள், வேலையை விவரிப்பவர் தலைமைக் காவலர்தான். உண்மை வழக்கு ஒன்றைத் தழுவினால் ஊர், உறவுமுறை, தொழில் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவது சட்டப்படி குற்றம். பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் அது மறைத்ததாகாது.

படி 11: எங்கே நிறுத்துவது

கைதோடு முடிக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. இந்த வகை நாவலுக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். இறுதி அறிக்கை தாக்கலாகி, நடுவர் மன்றத்தில் பி.ஆர்.சி. எண் (அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்புமுன் தரப்படும் பதிவு எண்) வாங்கி, அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு, சாட்சி விசாரணை தொடங்கும்போது சில ஆண்டுகள் கடந்திருக்கும். நாயகி வேறு மாவட்டத்தில் இருப்பார். சம்மன் கிடைத்து, முதல்நாள் இரவுப் பேருந்தில் வந்து, காலை பத்தரைக்கு நீதிமன்றத் தாழ்வாரத்தில் சீருடையில் நிற்பார். எதிரே பெஞ்சில் இறந்தவளின் தாய் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில், அன்று அரிசி களைந்துகொண்டிருந்த நாத்தனார் கைக்குழந்தையோடு. வழக்கறிஞரின் கையில் இருக்கும் முதல் தாள் அந்தப் பழைய மனு ரசீது. 'இது உங்கள் கையெழுத்துதானே?' என்று அவர் கேட்கப்போகிறார் என்பது ஆய்வாளருக்குத் தெரியும். அழைப்பாளர் அவர் பெயரை மூன்று முறை கூப்பிடுகிறார். கூண்டில் ஏறும் வரையில் எழுதுங்கள். பதிலை எழுத வேண்டுமா என்பதை இரண்டாம் வரைவில் பார்த்துக்கொள்ளலாம்.